விஐபிக்கு ஒரே உயிர்

“டேய் சக்கரவர்த்தி! எங்கடா எந்திரிக்கிற? உக்கார்றா!”

கல்பனா அக்கா கத்தினது ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

நான் உக்காரல. பலா மரத்துக்குப் பின்னாலேர்ந்து எழுந்து வெட்டவெளிக்கு வந்துட்டேன்.

லேசர் துப்பாக்கி விளையாட்டுல இதுக்கு விஐபி ஆட்டம்னு பேரு. டீமுக்கு ஒரு விஐபி. மத்தவங்களுக்கு ஆளுக்கு அஞ்சு உயிர், விஐபிக்கு ஒண்ணே ஒண்ணு. ஒரு தடவை அவன் மேல லேசர் பட்டு, மாட்டியிருக்கிற வெஸ்ட்டுல சிவப்பு லைட் எரிஞ்சா அந்த டீமே காலி. அதனால விஐபி ஒளிஞ்சு உக்காரணும், டீம் சுத்தி நின்னு காப்பாத்தணும்.

எங்க டீம் விஐபி நான். நானா கேக்கல. ரிசார்ட் மேனேஜர் கோபால்சாமி சார்தான் என் பேரைச் சொன்னாரு.

“பேரே சக்கரவர்த்தி. வேற யாரு விஐபி?”ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு பதினொண்ணாவது பிடிக்கல, பாதியில நின்னுட்டேன். அதே ரிசார்ட்ல ரூம் பெருக்கறேன். நான் விஐபின்னா சிரிக்கத்தான் செய்வாங்க.

எதிர் டீம் வேலூர்லேர்ந்து வந்து ரிசார்ட் மொத்தத்தையும் வாடகைக்கு எடுத்த கம்பெனிக்காரங்க. அவங்க விஐபி அவங்க முதலாளி அருணகிரி சார்.

மொத்தம் மூணு ஆட்டம். மொதல்ல, யாரு அதிகமாச் சுடறாங்கன்ற ஆட்டம். தோத்தோம். அடுத்தது எதிராளி கொடியத் தூக்கற ஆட்டம். அவங்க கொடி மேட்டு உச்சியில. எங்களுக்கு மேடு ஏறவா சொல்லித் தரணும்? அள்ளிட்டு வந்துட்டோம்.

இது மூணாவது. இதுல ஜெயிச்சா அடுத்த மாசம் சென்னைப் போட்டிக்கு எங்க டீம். மேனேஜரே எல்லார் முன்னாடியும் மைக்ல சொன்னாரு. கல்பனா அக்கா ஆறு மாசமா சாமைக் காட்டு வேலைய முடிச்சிட்டு வந்து எங்களை ஓடவிட்டது இதுக்குத்தான். டீஷர்ட்ல ‘ஜவ்வாது மலை’ன்னு போட்டுக்கிட்டு சென்னையில இறங்கணும்னு அதுக்கு வெறி.

அப்பேர்ப்பட்ட ஆட்டத்துல பத்தாவது நிமிஷம் நான் வெளிய வந்து நிக்கிறேன்.

“துரோகி!” எங்க டீம் ரமேஷ் குரல். “அவங்க இன்னா குடுத்தாங்கடா உனக்கு?”

கம்பெனிக்காரங்க ஏழு பேரும் என்னைப் பாத்துட்டாங்க. “விஐபி! விஐபி வெளிய வந்துட்டான்!” அவ்ளோ தூரத்துலேர்ந்து லேசர் எட்டாது. இவ்ளோ சுலபமா ஒரு கோழி மாட்டுமான்னு, மறைவை விட்டுட்டு மொத்தமா ஓடியாந்தாங்க.

நான் சரிவுல இறங்கி முள்ளு முள்ளா இருக்கிற உண்ணிப் புதருக்குள்ள பூந்தேன். பளபளா ஷூ போட்டுக்கிட்டு எவனால அதுல இறங்க முடியும்? ஒருத்தன் வழுக்கினான், அவன் மேல ரெண்டு பேர் விழுந்தாங்க.

அப்பதான் அக்காவுக்குப் புரிஞ்சிருக்கணும்.

“டேய், எல்லாம் வெளிய வந்துட்டானுங்கடா! சுடுங்கடா!”

நான் திரும்பிப் பாக்கல. புதர் முடியற இடத்துல மணல் மூட்டை. அதுக்குப் பின்னாடி, காவலுக்கு ஒரு ஆள் இல்லாம, பிளாஸ்டிக் நாற்காலியில அருணகிரி சார். வேர்க்கடலை தின்னுக்கிட்டு இருந்தாரு. காலையில அவர் ரூமுக்குத் தண்ணி கொண்டுபோனது நான்தான்.

“என்ன தம்பி, தண்ணியா?”ன்னாரு.

“இல்ல சார். சுட வந்தேன்.”

சுட்டேன். அவர் வெஸ்ட் செவசெவன்னு எரிஞ்சுது. விசில் ஊதிட்டாங்க.

அக்கா ஓடியாந்து மொதல்ல முதுகுல ஒண்ணு வெச்சுது. அப்புறம்தான் கட்டிப் புடிச்சுது.

“சொல்லிட்டு ஓட மாட்டியாடா எரும! உசுரே போய்ட்டுது எனக்கு!”

ரமேஷ் என்னைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு ரெண்டு சுத்து சுத்தினான். துரோகின்னு கத்தினவன்தான்.

அருணகிரி சார் சிரிச்சிக்கிட்டே மேடைக்கு வந்தாரு. “எட்டு வருஷமா டீமைக் கூட்டிக்கிட்டு ஊரூரா ஆடறோம். ஒருத்தன்கூட என்னைச் சுட்டதில்ல. ஏம்ப்பா மேனேஜர், சென்னைக்கு இவங்கதான போறாங்க?”

“ஆமா சார், இவங்கதான் சார்,” கோபால்சாமி சார் மைக்லயே சொன்னாரு. முகத்துல வேர்வை.

“விஐபியே வந்து சுடறது! யாருய்யா இந்த பிளான் போட்டது?”

மேனேஜர் ஒரு செகண்டு என்னைப் பாத்தாரு. அப்புறம் நெஞ்சை நிமித்திக்கிட்டாரு.

“நான்தான் சார். பத்தாவது நிமிஷம் வெளிய வாடான்னு காலையிலயே சொல்லி வெச்சிருந்தேன். நம்ம பசங்களை நாமதான சார் தூக்கிவிடணும்?”

எல்லாரும் கை தட்டினாங்க. அக்கா மட்டும் தட்டல.

“நெஜமாடா? சாரா சொன்னாரு?”

மேனேஜர் என் தோள்ல கை போட்டு ஒரு அழுத்து அழுத்தினாரு. “சொல்லுடா ராஜா”ன்னு மைக்கை என் வாய்கிட்ட நீட்டினாரு.

“ஆமாக்கா, சார்தான் சொன்னாரு. பத்தாவது நிமிஷம் வெளிய வந்து, துப்பாக்கியக் கீழ போட்டுட்டு, அவங்க சுடற வரைக்கும் ஆடாம நில்லு, திங்கக்கிழமையிலேர்ந்து ஆபீஸ்ல உக்கார்ற வேலை தர்றேன்னாரு. வெளிய வந்தேன். நிக்கல.”