வெறுமையாக இருக்க வேண்டிய தட்டு

நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் ஃபஸீலாவும் சுரேந்தரும் ஒரே குழு, ஒரே மதிப்பெண். கன்ட்ரோல் தட்டில் அவர்கள் பாக்டீரியா எதையும் இடவில்லை. அது வெறுமையாக இருந்தால்தான் சோதனை செல்லும். மூன்றாவது முறையும் அதில் ஏழு வெள்ளைப் புள்ளிகள் வளர்ந்திருந்தன. முன்பு இரண்டு முறையும் அதே ஏழுதான், அதே இடங்களில்.

“ஜீரோன்னு எழுது லா,” என்றான் சுரேந்தர். “இல்லன்னா ரெண்டு பேரும் ஃபெயில்.”

“இருக்கிறதைத்தான் எழுதுவேன்.”

“பெரிய சயின்டிஸ்ட்! எழுது, தேக்கா மார்க்கெட்டுல பிரியாணி வாங்கித் தரேன். எல்லா குரூப்பும் ஜீரோதான் போட்டிருக்கு.”

ஃபஸீலா குறிப்பேட்டில் பேனாவால் ஏழு என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு இன்குபேட்டரைத் திறந்து, மற்றப் பதினொரு குழுக்களின் கன்ட்ரோல் தட்டுகளையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஏழு புள்ளிகள் இருந்தன. இடங்களும் மாறவில்லை.

சுரேந்தர் அவசரமாகத் தட்டுகளைத் திரும்ப அடுக்கப் போனான்.

“தொடாதே. புரொஃபசர் வந்து எண்ணட்டும்.”

அவள் சொல்லி முடித்தபோது பன்னிரண்டு தட்டுகளிலும் எட்டாவது புள்ளி இருந்தது.

சுரேந்தர் கதவுவரை பின்வாங்கினான். ஃபஸீலா குறிப்பேட்டை இழுத்து, ஏழின்மேல் ஒற்றைக் கோடு போட்டாள். பக்கத்தில் எட்டு என்று எழுதி, மறுபடியும் கையெழுத்திட்டாள்.