அணியத்தில் அந்தோனியார்

பொலிஸ் நிலைய முற்றத்து வேம்பின் கீழே, புதிதாக நீலம் பூசிய மீன்பிடி வள்ளம் ஒன்று காலை வெயிலில் மினுங்குகிறது. தன் வள்ளம் கடலில் மூழ்கிவிட்டதென்று காப்புறுதிப் பணம் வாங்கிய மயிலிட்டிச் சூசைநாயகம் அதன் முன்னால் நிற்கிறார். "ஐயா, இது உங்கடையோ?" என்று கேட்கிறாள் காப்புறுதிக் கந்தோரிலிருந்து வந்த கஜானி. "இல்லைப் பிள்ளை. என்ரையைத்தான் கடல் கொண்டு போட்டுதே." "பொய்யெண்டால் மறியலிலை போட்டிடுவினம், ஐயா." "ஓம், தெரியும்." "சரி, ஒருக்கா ஏறிப் பாத்திட்டுச் சொல்லுங்கோ. பிறகு வீட்டை போகலாம்."

ஏறுவதற்கு முன், பழைய பழக்கத்தில் அவருடைய கை வள்ளத்தின் முன்முனைக்கு, அணியத்துக்குப் போகிறது. நீலப் பூச்சுக்கு அடியில் பொத்தான் அளவு புடைத்திருக்கும் ஓரிடத்தைப் பெருவிரல் பார்க்காமலே கண்டுபிடித்துத் தடவுகிறது. விரலை முத்தமிட்டுச் சிலுவை போட்டுக்கொள்கிறார். விடியற்புறக் கரையில் அரிக்கன் லாம்போடு நிற்கும் மனைவி றெஜினா, காற்றில் படபடக்கும் அவள் சேலை, "கவனமப்பா" என்ற அவள் குரல், எல்லாம் அந்த விரல்நுனிக்கு வந்துவிடுகின்றன. "அதிலை என்ன ஐயா கிடக்கு?" கஜானியின் குரல் தணிந்திருக்கிறது. சூசைநாயகம் கையை எடுக்கவில்லை. "அந்தோனியார் பதக்கம், பிள்ளை. செத்துப்போன என்ரை மனிசி ஒட்டினது. அதைக் கழட்டத்தான் எனக்கு மனம் வரேல்லை."