முன் இடது சக்கரம்

குழித்துறை ஆற்றில் விழுந்த காரையும் லிஜினின் உடலையும் மறுநாளே எடுத்துவிட்டார்கள். காரின் முன் இடது சக்கரம் மட்டும் கிடைக்கவில்லை. டயர்களின் காற்றழுத்தத்தைக் காட்டும் சின்னப் பெட்டி அன்று வீட்டில் சார்ஜில் கிடந்ததால் தப்பித்தது. துபாயிலிருந்து லிஜின் ஆசையாக வாங்கி வந்த பெட்டி அது. மனைவி பிளஸ்ஸி அதை ஜன்னலோர வெயிலில் சார்ஜ் ஏற வைத்திருந்தாள்.

இன்று மத்தியானம் அது கத்தியது. திரையில் சக்கரத்துக்கு ஒன்றாக இருந்த நான்கு கட்டங்களில் மூன்று காலி. முன் இடது கட்டத்தில் மட்டும் 33. லிஜின் எப்போதும் காற்று நிரப்பும் அளவு.

பெட்டியைப் பொருத்திய மெக்கானிக் எபினுக்குப் போன் போட்டாள்.

“எபினே, இந்தப் பெட்டி சும்மா கத்துமா?”

“கத்தாதுக்கா. சக்கரம் ஓடுனாதான் அதுல உள்ள சென்சார் முழிச்சு சிக்னல் அனுப்பும். சக்கரம் நின்னா கொஞ்சத்துல அணைஞ்சிரும்.”

“எவ்வளவு தூரத்துல ஓடுனா?”

“மிஞ்சிப்போனா பத்து மீட்டரு. எதுக்குக்கா?”

ரோடு ரப்பர் தோட்டத்துக்கு அப்பால் இருந்தது. போனை வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தாள். அதில் காட்டும் டயரின் சூடு ஏறிக்கொண்டே வந்தது.

பிறகு சத்தம் நின்றது. 33 அணைந்தது.

பிளஸ்ஸி ஓடிப்போய் வாசல் கதவின் கொண்டியைப் போட்டாள். வண்டியை நிறுத்திவிட்டு லிஜின் வாசலுக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும்.