வருஷத்துக்கு எவ்வளவு?

"பன்னிரண்டுன்னு சொல்லிடேன் தங்கச்சி. உன் கைக்காசா போகுது?"

முதலீட்டு ஆலோசனை அலுவலகத்தில் சேர்ந்து மூன்றே மாதமான அந்தப் பெண், கால்குலேட்டரை மறுபடி தட்டினாள். எதிரே தையல் கடைக்கார அம்மா. கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"ஒன்பதுதான்க்கா வருது. எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு லட்சம் போட்டேன்னீங்க. இன்னைக்கு ரெண்டு லட்சமா வந்திருக்கு. மொத்த லாபம் நூறு சதவீதம். வருஷத்துக்குன்னு பார்த்தா ஒன்பது."

"நூறை எட்டால வகுத்தா பன்னிரண்டரை. நாலாங்கிளாஸ் படிச்ச எனக்கே தெரியுது!"

"அப்படி வகுக்கக் கூடாதுக்கா. வருஷா வருஷம் வர்ற லாபமும் முதலோட சேர்ந்து வளரும்ல? ஒன்பது ஒன்பதா வளர்ந்தாலே எட்டு வருஷத்துல ரெட்டிப்பாயிடும்."

"அது புரிஞ்சுது. நீ பன்னிரண்டுன்னு சொல்லு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இவர் யாரை ஏமாற்றப் பார்க்கிறார்?

"பொய்க்கணக்கு சொன்னா என் வேலை போயிடும்க்கா."

"எது பொய்? சட்டை வெட்டும்போது தையலுக்குன்னு ஒரு அங்குலம் விட்டுத்தான் வெட்டுவேன். நீயும் கொஞ்சம் விட்டுச் சொல்லேன்!"

வாசலை எட்டிப் பார்த்துவிட்டு அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"என் தம்பி வெல்டிங் பட்டறை வைக்க நான் குடுத்த பணம் அது. வருஷத்துக்குப் பன்னிரண்டு தர்றேன்னு வீராப்பா சொன்னான். பட்டறை படுத்து எந்திரிச்சு, இப்பதான் கொண்டாந்து குடுத்தான். அதை இங்க போடத்தான் ரெண்டு பேரும் வந்தோம். ஒன்பதுன்னு தெரிஞ்சா, கடனை உடனை வாங்கியாவது மிச்சத்தை வைப்பான். ரோஷக்கார மடையன். கீழ வண்டியை நிறுத்திட்டு இப்ப மேல வந்து கேப்பான் பாரு."

சொல்லி முடிப்பதற்குள் தம்பி வந்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, பன்னிரண்டு தாண்டுச்சா?"

பெண் கால்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அக்காவைப் பார்த்தாள். தம்பியின் தீக்காயம் பட்ட விரல்களைப் பார்த்தாள்.

"மொத்த லாபம்... நூறு சதவீதம்ண்ணே."

அதில் பொய் ஏதுமில்லை.

"எட்டால வகுடா!" அக்கா முந்திக்கொண்டார். "பன்னிரண்டரை! அரை சதவீதம் கூடவே குடுத்துட்ட. திருப்பிக் கேட்டுடாத!"

"உன்கிட்ட வந்தது என்னைக்குக்கா திரும்பியிருக்கு?" என்று சிரித்தார் தம்பி.

இருவரும் படியிறங்கிப் போனார்கள். பெண் பெருமூச்சு விட்டாள்.

ஐந்தாவது நிமிடம் தம்பி மட்டும் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"சாவியை விட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்தேன். மாசம் நாலாயிரம் கட்டுற மாதிரி என் பேர்ல ஒரு கணக்கு தொடங்கணும். ஒரு வருஷம் போதும்."

"எதுக்குண்ணே?"

சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்து நீட்டினார். நாற்பத்தேழாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு என்று எழுதியிருந்தது.

"நிஜப் பன்னிரண்டுக்கு இவ்வளவு குறையுது. என் பொண்ணு கணக்குப் போட்டுக் குடுத்தா."

அவள் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தாள்; அதேதான் வந்தது.

"அக்காகிட்ட மூச்சு விட்டுடாத தங்கச்சி. பாவம், அதுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. எட்டால வகுத்துட்டு சந்தோஷமா போகுது."