பேனர் முகம்

வேட்பாளர் சோலைமணியின் கன்னத்துப் பருத்தழும்புகளை பேனர் அடிக்கிறவர்கள் வருஷக்கணக்காகக் கம்ப்யூட்டரிலேயே வழித்துவிட்டு வந்தார்கள். இந்தத் தடவை ஓட்டுக் கேட்டுப் போன தெருவில் ஒருத்தி பேனரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, “நீங்க அவரோட அண்ணனா?” என்று கேட்டுவிட்டாள். போன தேர்தலில் தோற்றதே சொற்ப ஓட்டில். பேனரைத் திருத்துவது கௌரவக் குறைச்சல் என்பதால் அவர் முகத்தைத் திருத்தக் கிளம்பினார். லேசர் வைத்தால் கொஞ்ச நாளைக்கு வெயில் ஆகாது என்று டாக்டர் சொன்னதற்குத் தலையாட்டினாரே தவிர, கம்ப்யூட்டரில் போல உடனே வழுவழுத்துவிடும் என்றுதான் நம்பினார். லேசர் வைத்துக்கொண்ட மறுநாள், கடைசிப் பிரச்சாரத்தன்று, கன்னம் வெந்த தக்காளி மாதிரி இருந்தது. “இந்த மூஞ்சியோட வந்தா டெபாசிட் போயிடும்ணே” என்று ஒன்றியச் செயலாளர் ராயப்பன் திறந்த ஜீப்பில் ஆளுயர பேனரைக் கட்டி, அதற்குப் பின்னால் அவரை நிறுத்தினார். பேனரின் நெஞ்சில் போட்டிருந்த ஓட்டை வழியே சோலைமணி நிஜக் கைகளை நீட்டிக் கும்பிட்டார். சனம் பேனருக்கு மாலை போட்டது, ஆரத்தி எடுத்தது. ஒரு பெண் “பேரு வைங்கய்யா” என்று பச்சைக் குழந்தையை அந்தக் கைகளில் வைத்தாள். அவருக்குக் குழந்தை தெரியவில்லை, கனம் மட்டும் தெரிந்தது. அப்போது காற்று கிளம்பி ஒரு கயிறு அறுந்தது. பேனரைப் பிடித்துக்கொள்ள அவருக்குக் கை இல்லை. “ராயப்பா” என்று கிசுகிசுத்தார். பேனர் கிழிந்து தெருவில் மல்லாந்தது, வெயில் கன்னத்தில் இறங்கியது. சோலைமணி குழந்தையை நெஞ்சோடு அணைத்துச் சிரித்துப் பார்த்தார். அந்தப் பெண் கீழே கிடந்த முகத்தைக் காட்டி, “நான் புள்ளைய அவருகிட்டல்ல குடுத்தேன்” என்றாள்.