பிழையில்லாத பேய்

“பேய் பேசுனா வாயில புகை வராதுங்க சார். இது தப்புங்க” என்றாள் கோகிலவாணி, மேஜையில் கிடந்த கதைத் தாளில் விரலை வைத்து.

கீர்த்திவாசனுக்குச் சுருக்கென்றது. குன்னூர்ப் பனியில் பேய் வாயைத் திறக்க, குபுகுபுவென்று புகை கிளம்பும் அந்த இடத்தை ரசித்து ரசித்து எழுதியிருந்தான்.

“ஏன் வராது? இப்ப கரி அடுப்பு கொண்டுவந்து வெச்சாரே வாட்ச்மேன் முனியசாமி, அவர் வாயைத் திறந்தாலே புகைதானே?”

“அவரு உசுரோட இருக்கறாருங்க. உள்ளிருந்து வர்ற மூச்சு சூடா, ஈரமா இருக்கும். வெளிக்குளிர் பட்டதும் புகையாட்டத் தெரியும். செத்தவங்களுக்குச் சூடு ஏதுங்க, மூச்சு ஏதுங்க?”

அட, ஆமாம்! அந்த வரியை அடித்தான். போன கதையில், காற்றே இல்லாத நிலாவில் வெடிச்சத்தம் கேட்டதாக எழுதி, வாசகர்களிடம் வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன். இன்னொரு தப்பு வந்தால் இனிமேல் கதையே அனுப்பாதீர்கள் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் இந்தக் கதை போயாக வேண்டும்.

இந்த நேரம் பார்த்து ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் வந்து எதிரே உட்கார்ந்தது அவன் அதிர்ஷ்டம். போன டிசம்பரில் இதே காட்டேஜில், இதே அறையில் தங்கியிருந்தாளாம்.

“அடுத்தது, கார்பன் மோனாக்சைடு.” கொட்டாவி விட்டபடி தாளைப் புரட்டினான். “ஹீரோ இருமி இருமிச் சாகறான், முகம் நீலமாகுதுன்னு எழுதியிருக்கேன். சரிதானே?”

“ரெண்டுமே தப்புங்க. இருமலே வராது. அதுக்கு நெறமும் இல்ல, நாத்தமும் இல்ல. மொதல்ல தலை கனக்கும். கொட்டாவியா வரும். காலு சொன்ன பேச்சு கேக்காது. மூஞ்சி நீலமாகாதுங்க, செவந்துதான் போகும்.”

“பிரமாதம்!” வலிக்கிற நெற்றியைத் தேய்த்துக்கொண்டே எழுதினான். “அந்த வாயுவைத் தயாரிக்க ஒரு பெரிய லேபே கட்டியிருக்கேன் கதையில.”

“லேபெல்லாம் எதுக்குங்க? சாத்துன ரூமுக்குள்ள நாலு கரித்துண்டு கனிஞ்சாப் போதும்.”

அவள் மூலையைப் பார்த்தாள். அடுப்பில் கரி செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. ‘புகை அடங்கிருச்சுங்க, இனிப் பயமில்ல. கதவைச் சாத்திட்டு எழுதுங்க’ என்று முனியசாமி வைத்துவிட்டுப் போனது.

“சன்னலைத் தொறங்க சார்.” அவள் குரல் மாறியிருந்தது.

“பனி உள்ளே வந்து தாளெல்லாம் நமுத்துப் போகும் மேடம். இந்த ஒரு பாரா...”

அவளே போய் ஜன்னல் கொக்கியில் கை வைத்தாள். கொக்கி அசையவில்லை.

“ஐயோ, எந்திரிங்க சார்! பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துன நானே குளிருக்குப் பயந்து சாத்திட்டு ஏமாந்தேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எந்திரிங்க!”

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மேஜையைப் பிடித்து எழுந்தான், கால் துவண்டது. விழுந்து, தவழ்ந்து, எப்படியோ வெளியே வந்து சேர்ந்தான்.

மத்தியானமே மூடுபனி இறங்கி, எதிரே தேயிலைச் செடிகள் மறைந்திருந்தன. தலைவலி போன இடம் தெரியவில்லை. உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. பக்கத்தில் கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“தெய்வம் மாதிரி வந்தீங்க மேடம். உயிரும் தப்பிச்சது, கதையும் தப்பிச்சது!” என்று வாய்விட்டுச் சிரித்தான்.

“ஸ்ஸ்... என்னா குளிரு” என்று முனகிக்கொண்டு, வாயில் புகை பறக்க, முனியசாமி டீயோடு வந்தார்.

“முதல்ல அந்தக் கரி அடுப்பை வெளியே எடுங்க!” கீர்த்திவாசன் கத்தினான்.

முனியசாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருவரையும் கடந்து போய், சாத்தியிருந்த அறைக் கதவைத் தட்டினார்.

“இவருக்குக் காது மந்தமா மேடம்?”

கோகிலவாணி அவன் முகத்தையே பார்த்தாள்.

“இப்பப் பேசுனீங்களே சார், வாயில புகை வந்துச்சுங்களா?”