கதவு சொன்ன டாக்டர்

அக்கம்பக்கத்தார் எதைக் கேட்டாலும் வீட்டுக் கதவே பதில் சொல்லும் ஏற்பாடு அபார்ட்மென்டில் வந்ததிலிருந்து நறுமுகைக்கு நிம்மதி போயிற்று. எந்த டெய்லர், எந்த மாவுக் கடை என்று அவள் வீட்டுக்குள் பேசியதையெல்லாம் எண்பது வீட்டுக்கும் அது ஒப்பித்தது. மகளைக் காட்டும் டாக்டரிடம் போனால், மொத்த அபார்ட்மென்டும் அங்கே டோக்கனோடு உட்கார்ந்திருந்தது. மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தாள்.

"இருக்கட்டும்" என்று பல்லைக் கடித்தாள். எந்த நோய்க்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் மேட்டுத் தெரு டாக்டரை, ஒரு வாரம் கதவருகே நின்று புகழ்ந்தாள். "கைராசிக்காரரு. கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்."

கூட்டம் அங்கே போயிற்று. அவளுடைய டாக்டரிடம் நாற்காலிகள் காலி.

இன்று கதவைத் திறந்தால், எதிர்வீட்டு ரிஸ்வானா தோளில் குழந்தையோடு நின்றாள்.

"மேட்டுத் தெருவுக்கு நாலு தடவ போயாச்சுக்கா. காய்ச்சல் விடவே மாட்டேங்குது. இன்னும் அவர்கிட்டயே காட்டட்டுமா?"

நறுமுகை குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் கதவு அவள் குரலிலேயே முந்திக்கொண்டது.

"கைராசிக்காரரு. கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்."